ஆஸ்பத்திரிக் காலத்துச் செலவு: கேள்வி பதில்

காரைக்குடியில் வங்கி நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது நம் கை தாறுமாறாகச் செலவழிப்பது பற்றி எதையும் கேளுங்கள். வைத்தியக் கேள்வியை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

தேவகோட்டை மகள்: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மதுரையில் கீமோ நடக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் போனில் எதையாவது வாங்கிவிடுகிறேன். ஒரே அளவில் மூன்று பிளாஸ்க், அப்பச்சி தொடாத கால் அமுக்கும் மெஷின், பிரிக்காத பார்சல்கள். ஏன் அண்ணே இப்படி?

தங்கச்சி, அங்கே எதுவும் உங்கள் கையில் இல்லை. ரிப்போர்ட் எப்போது வரும், ரத்த அணு ஏறுமா, யாரும் உறுதி சொல்வதில்லை. போனில் அமுக்கினால் சொன்ன நாளில் பொருள் வந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அதனால் 'வாங்காதே' என்று சொல்லிப் பயனில்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் வைத்தியம்: மருந்து, ஸ்கேன், கார் வாடகை, அங்கே சாப்பாடு. வலது பக்கம் 'என் மனசுக்கு'. முதல் பிளாஸ்க் இடது. மற்ற இரண்டும் வலது. பலர் எல்லாவற்றையும் நோயாளி பேரில் எழுதிவிட்டு, ஒரு நாள் கோபத்தில் 'உங்கள் வைத்தியத்துக்கே எல்லாம் போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். படுத்திருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வலது பக்கத்துக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். பூஜ்யம் போட்டால் பத்து நாள் தாங்காது. கார்டு எண்ணைச் செயலியிலிருந்து அழியுங்கள்; 16 இலக்கத்தையும் தட்டுவதற்குள் பாதி ஆசை போய்விடும். பிரிக்காத பார்சலில் திருப்பி அனுப்பும் கெடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பள்ளத்தூர்: நகையை அடகு வைக்கலாமா?

வைத்தியப் பக்கத்துக்கு மட்டும், வங்கியில் வையுங்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டினால் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. நகைக்கடன் அதைவிட எவ்வளவோ மேல். அடகுச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

புதுவயல்: ஆத்தா நகையை அடகு வைக்கலாமா?

மேலே பாருங்கள். ஆத்தாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். சீட்டைப் படம் எடுங்கள்.

திருப்பத்தூர்: காப்பீடு எதுவும் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்ப அட்டை, வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். கௌரவம் பார்த்துக் கேட்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்டனூர் ஆச்சி: என் நேர்த்திக்கடனும் உங்கள் வலது பக்கமா? சாமி காரியத்தில் கை வைக்காதீர்கள்.

ஆச்சி, வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. ஐ.சி.யூ. வாசலில் நின்று வெள்ளிக் கவசம் நேர்ந்துகொண்டு, விடிந்ததும் வட்டிக்கு ஓடுவதைத்தான் சொல்கிறேன்.

கோட்டையூர்: சித்திரையில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடக்கிறோமே, அதுவும் வீண் செலவா?

நடப்பதில் காலுக்குத்தான் செலவு. தாராளமாக நடங்கள்.

கண்டனூர் ஆச்சி: சாமியிடம் கணக்குப் பார்க்கலாமா?

பிள்ளையார் சுழி போட்டுத்தானே பேரேட்டையே தொடங்குகிறோம், ஆச்சி?

பெயர் வேண்டாம்: ஆச்சி கோபிக்கக் கூடாது. என் தம்பி கவசத்துக்காக வாங்கிய கடனைக் கட்டத்தான் மருந்துப் பணத்தை எடுத்தான்.

இதைத்தான் சொன்னேன். சரி, ஆச்சிக்காக மூன்றாவது பக்கம் ஒன்று: நேர்த்தி. அதில் தேதி போடாதீர்கள். வீடு நிமிர்ந்த பிறகு செலுத்தலாம், சாமி வட்டி கேட்காது.

கண்டனூர் ஆச்சி: மூன்றாவது இல்லை, முதல் பக்கம்.

சரி ஆச்சி, முதல் பக்கம்.

கானாடுகாத்தான்: பழைய பித்தளை அண்டா, எனாமல் சாமானை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடையில் விற்றுவிடலாமா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே விற்காதீர்கள். நாலு கடையில் விலை கேளுங்கள். பொதுச் சாமான் என்றால் பங்காளிகள் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

காரைக்குடி: எந்த ஆஸ்பத்திரி நல்லது?

முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

செக்காலை: அண்ணே, நகையை நேற்று அடகு வைத்துவிட்டேன். சரியா?

வைத்த பிறகு கேட்கிறீர்கள். சீட்டைப் படம் எடுத்தீர்களா?