தோமான் போனால் தண்ணீர் பச்சையாகுமா?

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஈயக்குட்டைகளை (ஈயம் தோண்டிய பழைய பள்ளங்களை)ப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். தோமான் என்பது அங்குள்ள விரால் இனத்துப் பெரிய வேட்டை மீன்.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குட்டையில் தோமான் நிறைய இருந்தது. தூண்டில்காரர்கள் பெரியதாகப் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். இப்போது தண்ணீர் ஒரே பச்சை. சம்பந்தம் உண்டா ஐயா?

இருக்கலாம். தோமான் பாசியைத் தொடாது. ஆனால் பாசியை மேயும் தண்ணீர்த் தெள்ளு என்ற பொடி உயிர்களைச் சின்ன மீன்கள் தின்கின்றன, சின்ன மீன்களைத் தோமான் தின்கிறது. தோமான் குறைந்தால் சின்ன மீன் பெருகும், தெள்ளு குறையும், பாசிக்குத் தடை இருக்காது. அமெரிக்காவின் மிச்சிகனில் டியூஸ்டே என்ற ஏரியில் 1985-ல் இதைச் செய்தே பார்த்தார்கள். சின்ன மீன்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பாஸ் என்னும் வேட்டை மீனை விட்டார்கள். பெரிய தெள்ளுகள் பெருகின, பாசி குறைந்தது.

நம் ஊரில் அது அப்படியே நடந்துவிடாது. வெப்ப நாட்டுக் குட்டைகளில் சின்ன மீன்கள் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும்; பெரிய தெள்ளுகளும் குறைவு. அதோடு, உரம் போட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டால் பாஸ்பரசும் நைட்ரஜனும் வாய்க்கால் வழியே குட்டைக்குத்தான் வரும். உரம் போட்ட நாளையும் பச்சை ஏறிய நாளையும் முதலில் குறித்துவையுங்கள்.

கேள்வி: உரம் வெளியிலிருந்து வருகிறது, சரி. குட்டைக்குள் இருக்கும் சத்தில் வேட்டை மீனுக்கு என்ன வேலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டாப்னியா என்ற தெள்ளு பாஸ்பரசை உடம்பிலேயே நிறையப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீரில் விடுவது குறைவு. சின்ன மீன்கள் அதைத் தின்று தீர்த்தால், அந்தப் பாஸ்பரஸ் அவற்றின் கழிவு வழியாகப் பாசிக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். அடிச்சேற்றில் மேயும் மீன்களோ அங்கே தின்றதை நடுத்தண்ணீரில் கழித்து, அடியில் கிடந்த சத்தை மேலே கொண்டுவருகின்றன. வேட்டை மீன் சுற்றும் இடத்தில் அவை மறைவை விட்டு அவ்வளவாக வெளியே வருவதில்லை. அதாவது ஒன்றைக்கூடத் தின்னாமல், பயம் காட்டியே சத்தின் போக்கை மாற்ற முடியும். ஓடையிலும் இப்படித்தான். இலை தின்னும் பூச்சிகள் மீனுக்குப் பயந்து கல்லடியில் ஒளிந்தால், உதிர்ந்த இலை மக்குவது தாமதமாகும்.

கேள்வி: அப்படியானால் பீகாக் பாஸ் வாங்கி விடலாமா?

வேண்டாம். அது தென் அமெரிக்க மீன், நம் மீன்களையே தின்றுவிடும். தோமானும் ஹருவானும் (விரால்) குஞ்சுகளைக் காவல் காப்பவை. தோமானின் சிவந்த குஞ்சுக் கூட்டம் மேலே தெரிந்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். தாய்மீனைப் பிடித்தால் குஞ்சுகளும் போய்விடும்.

கேள்வி: வாசலில் அன்னாசி மாதிரி ஒரு அலங்காரச் செடி. இலையிடுக்குத் தண்ணீரில் பூச்சிப் புழுக்கள். செடிக்குக் கெடுதலா?

செடிக்குக் கெடுதல் இல்லை. அந்தச் செடியின் சொந்த ஊர்ப்பக்கமான கோஸ்டாரிக்காவில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மற்றப் புழுக்கள் சிறகு முளைத்துப் பறந்தால் நைட்ரஜனும் அவற்றோடு போய்விடும். ஊசித்தும்பியின் புழு அவற்றைத் தின்று கழிவை அங்கேயே விடுவதால், செடிக்குக் கூடுதல் நைட்ரஜன் கிடைத்தது. ஆனால் உங்கள் வாசலில் எய்டிஸ் கொசு வளர விடக்கூடாது. வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.