அமெரிக்காவில் போலீஸ் நிறுத்தினால், கைதானால்: கேள்வி பதில்

கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, 50 மாநிலங்களின் சட்டங்கள் வேறு. எங்கும் பொருந்தும் அடிப்படையை மட்டும் இங்கே சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் அந்த கவுண்டியில் (மாவட்டம் போன்றது) பழக்கமுள்ள கிரிமினல் லாயரிடம்தான் போக வேண்டும்.

டல்லாஸில் இருக்கிறேன் சார். போலீஸ் காரை நிறுத்தினால் இறங்க வேண்டுமா?

அவர் சொல்லாமல் இறங்காதீர்கள். ஊரில் செய்வதுபோல் பேப்பரை எடுத்துக்கொண்டு போலீஸ் காரை நோக்கி நடப்பது இங்கே ஆபத்து. இன்ஜினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். லைசன்ஸ் டேஷ்போர்டு அறையில் இருந்தால், சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள்.

இறங்கச் சொன்னால் இறங்கியாக வேண்டும். ஓட்டுநர் விஷயத்தில் 1977லும் பயணிகள் விஷயத்தில் 1997லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது. ஆனால் "டிக்கியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் அது உங்கள் சம்மதத்தைக் கேட்பது. "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று அமைதியாகச் சொல்லலாம். மரியாதைக்காகத் தலையாட்டினால் அதுவே சம்மதமாகிவிடும். அதையும் மீறித் தேடினால் கையால் தடுக்காதீர்கள். அந்தச் சண்டையை லாயர் நீதிமன்றத்தில் போடுவார். செல்போன் விஷயம் வேறு: கைதே செய்திருந்தாலும், உள்ளே இருப்பதைப் பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் (2014 தீர்ப்பு).

மிராண்டா உரிமைகளை (பேசாமல் இருக்கலாம், லாயர் கேட்கலாம் என்ற அறிவிப்பை) வாசிக்காமல் கைது செய்தால் கேஸ் தள்ளுபடியாகுமா?

ஆகாது. நிறையப் பேர் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். 1966 மிராண்டா தீர்ப்பு பொருந்த இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும்: நீங்கள் காவலில் இருக்க வேண்டும், போலீஸ் உங்களை விசாரிக்க வேண்டும். சாலையோரத்தில் "எவ்வளவு குடித்தீர்கள்?" என்பதற்கு நீங்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் அதற்குள் வராது, அது அப்படியே சாட்சியமாகும். இரண்டும் சேர்ந்தும் வாசிக்கவில்லை என்றால், அந்த வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு பயன்படுத்த முடியாது. மற்ற ஆதாரங்களோடு வழக்கு நடக்கும்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதாதா?

போதாது. மௌன உரிமையை வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். 2010ல் தீர்ப்பான மிச்சிகன் வழக்கு ஒன்றில், ஒருவர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசாமலே இருந்தார். கடைசியில் ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்றார். அது அவருக்கு எதிராகச் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 1994 வழக்கில் இன்னொருவர் "ஒருவேளை நான் லாயரிடம் பேசணுமோ" என்ற பொருளில் சொன்னார். அது தெளிவான கோரிக்கை இல்லை, போலீஸ் விசாரணையைத் தொடரலாம் என்று தீர்ப்பு.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதிகாரியிடம் பணிவாக, இழுத்து இழுத்துப் பேசுவது நமக்குப் பழக்கம். இந்த ஓரிடத்தில் அதை விட்டுவிடுங்கள். "ஐ வில் நாட் ஆன்சர் கொஸ்டின்ஸ். ஐ வாண்ட் எ லாயர்." இவ்வளவுதான். லாயர் கேட்டபின் அவர்கள் விசாரணையை நிறுத்த வேண்டும். நீங்களாகப் பேச்சை மறுபடி தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

"உன் நண்பன் எல்லாம் சொல்லிவிட்டான்" என்று போலீஸ் பொய் சொல்லலாம், சட்டம் பெரும்பாலும் அனுமதிக்கிறது. நீங்கள் எஃப்பிஐ போன்ற கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. அதனால் பொய் வேண்டாம், மௌனம் போதும்.

கைதுக்குப் பின் என்ன நடக்கும்? ஜாமீன் எப்படி?

ஜெயிலில் கைரேகை, புகைப்படம் எடுப்பார்கள். வாரண்ட் இல்லாத கைதென்றால், போதிய முகாந்திரம் இருக்கிறதா என்பதை நீதிபதி பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். முதல் ஆஜரில் குற்றச்சாட்டைச் சொல்லி ஜாமீனை முடிவுசெய்வார்கள். லாயர் வைக்க வசதியில்லை என்றால் அங்கேயே பப்ளிக் டிஃபெண்டர் (அரசு செலவில் வாதாடும் லாயர்) கேளுங்கள். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தினமும் அதே நீதிபதி முன் நிற்பவர்கள் அவர்கள்.

ஜாமீன் 10,000 டாலர் என்றால், முழுத்தொகையை நீதிமன்றத்தில் கட்டி ஒழுங்காக ஆஜரானால் கட்டணம் போக மீதி திரும்ப வரும். பாண்ட் ஏஜெண்டிடம் (கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் ஜாமீனுக்குப் பொறுப்பேற்பவர்) போனால் வழக்கமாக 10 சதவீதம், அதாவது 1,000 டாலர், அது திரும்பாது. இல்லினாய் 2023ல் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது.

ஜெயில் போனில் வழக்கைப் பற்றி வீட்டாரிடம் பேசாதீர்கள். தமிழில் பேசினாலும் பதிவாகும், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

குடும்பச் சண்டையில் 911-ஐ (அவசர உதவி எண்) அழைத்துவிட்டேன் அண்ணா. கேஸை வாபஸ் வாங்கலாமா?

உங்களால் முடியாதும்மா. வழக்கு மாநில அரசுடையது. நடத்துவதா விடுவதா என்பது பிராசிகியூட்டரின் (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) முடிவு. உங்கள் விருப்பத்தை அவர் அலுவலகத்தில் சொல்லலாம், அவ்வளவே. உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிபதி கைதானவருக்கு உத்தரவிட்டிருந்தால், நீங்களே அழைத்துப் பேசினாலும் மாட்டுவது அவர்தான். உத்தரவை மாற்ற நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்.

எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் ஒத்துக்கொண்டால் லேசாக விடுவதாகச் சொல்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன் இமிகிரேஷன் லாயரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் குற்றத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஒப்புக்கொள்வதால்தான் வருகின்றன, விசாரணை நடப்பது அபூர்வம். அதனால் இந்த பேரம்தான் உங்கள் உண்மையான வழக்கு. ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று உங்கள் கிரிமினல் லாயர் சொல்லியாக வேண்டும் (2010, படியா வழக்கு).

பொறி எங்கே என்றால், "நன்னடத்தையாக இருந்தால் பதிவே இருக்காது" என்ற ஏற்பாட்டில். நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்தாலே, மாநிலம் பிறகு அழித்தாலும் இமிகிரேஷன் சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்புதான். தவிர, இந்தக் குற்றத்தில் கைதானதற்கே, தீர்ப்பு வரும் முன்பே, விசா முத்திரையை ரத்து செய்வதுண்டு. வழக்கு முடியும்வரை ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் லாயரைக் கேளுங்கள்.

விடுதலையானால் அரசு அப்பீல் போகுமா?

இந்தியாவில் போகலாம், இங்கே முடியாது. ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு) "நாட் கில்டி" என்றுவிட்டால் அதே அரசு அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. குற்றவாளி என்று தீர்மானிக்க ஜூரி முழுவதும் ஒருமனதாக இருக்க வேண்டும்; கடுங்குற்ற வழக்குகளில் இது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும் என்று 2020ல்தான் தீர்ப்பானது. முன்பு லூசியானாவிலும் ஆரிகனிலும் பல வழக்குகளில் 12 பேரில் 10 பேர் சொன்னாலே போதுமென்ற நிலை இருந்தது.