கிராம்பிலும் மஞ்சளிலும் உள்ள ஆன்டிஆக்சிடன்ட் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்லை அழிக்குமா?

ஆய்வகத் தட்டில் அழிக்கும். மனித உடம்புக்குள் அப்படி நிரூபணமாகவில்லை.

செல் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிக்கும்போது சில முரட்டு மூலக்கூறுகள் உருவாகி டி.என்.ஏ.வைச் சிதைக்கும். அவற்றை அடக்குவது ஆன்டிஆக்சிடன்ட். குளச்சல் உப்புக்காற்றில் இரும்புக் கதவுக்குப் பெயின்ட் அடிப்பதுபோல.

எங்கள் குமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பிலும் உள்ள யூஜினால் என்ற பொருள், மஞ்சளின் குர்குமின் இரண்டையும் ஹீலா செல்களில் சோதித்திருக்கிறார்கள். இந்த செல்கள் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து (அவர் அனுமதியில்லாமல்) எடுக்கப்பட்டு இன்றும் வளர்பவை. வேடிக்கை என்னவென்றால், அளவு கூடினால் இந்தப் பொருள்களே முரட்டு மூலக்கூறுகளைப் பெருக்கும். புற்றுநோய் செல்லில் அவை ஏற்கெனவே அதிகம். இன்னும் ஏறினால் தாங்காமல் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். தட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் மீன்குழம்பு மஞ்சளிலிருந்து ரத்தத்தில் சேரும் குர்குமின் மிகச் சொற்பம்.

‘மாத்திரையாக நிறைய எடுத்தால் நல்லதுதானே’ என்பது தவறு: கதிர்வீச்சு சிகிச்சையும் பெரும்பாலும் அதே முரட்டு மூலக்கூறுகளைக் கொண்டு புற்றைக் கொல்வதால், டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது; நோயைத் தடுக்க, அதை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும், 30 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனையும் இருக்கின்றன.