பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தெருக்காரர்களே சரிசெய்வது எப்படி?

"எங்கள் நகரில் பூங்காவுக்கென்று விட்ட இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மரக்கன்று நடலாம் என்றிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கன்று வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த இடத்துக்குப் போய் இருட்டும் வரை உட்காருங்கள். யார் வருகிறார்கள், எந்தச் சந்து வழியாக நுழைகிறார்கள், எந்த மூலையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இதைச் செய்யாததால் எங்களுக்கு ஒரு வருஷமும் ஐம்பத்து மூன்று கன்றுகளும் போயின.

நான் இருப்பது சென்னையின் தெற்குப் புறநகரில், ஒரு பழைய ஏரியின் ஆயக்கட்டு வயல்களில் போட்ட லேஅவுட். நடுவே பன்னிரண்டு கிரவுண்டு அளவுக்குப் பூங்கா இடம். பாதி சீமைக் கருவேலம், மீதி கட்டிட இடிபாடும் குப்பையும். 2018 சுதந்திர தினத்தன்று நாங்கள் ஒன்பது பேர் அறுபது கன்றுகள் நட்டோம். வரிசை பிசகாமல் கயிறு பிடித்து, எட்டடிக்கு ஒன்று. இனிப்புக் கொடுத்தோம், படம் எடுத்தோம், எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது.

அடுத்த கோடை 2019. அந்த வருஷம் சென்னையின் ஏரிகள் வறண்டதும், குடிக்கிற தண்ணீருக்கே லாரிக்குக் காத்துக் கிடந்ததும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. வீட்டுக்கே தண்ணீர் இல்லாதபோது கன்றுக்கு யார் ஊற்றுவது? சித்திரை முடியும்போது உயிரோடு இருந்தவை ஏழு. ஆனால் வறட்சியை மட்டும் சொன்னால் அது பொய். கோடை வருவதற்கு முன்பே பாதிக் கன்றுகளை ஆடு மேய்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பந்து பட்டு ஒடிந்திருந்தன.

காரணத்தை எனக்குச் சொன்னது ஒரு பையன். பக்கத்துத் தெரு, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். ஒடிந்து கிடந்த ஒரு நாவல் கன்றைப் பார்த்து நான் அவனிடம் கோபப்பட்டேன். அவன் கோபப்படவில்லை. "அக்கா, நாங்க ஆறு வருஷமா இங்க ஆடறோம். பிட்ச் மேலயே வரிசையா நட்டுட்டுப் போயிட்டீங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றான்.

கேட்கவில்லை. அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடப்பதாகவே எங்களுக்குத் தோன்றியிருந்தது. அங்கே தினமும் ஆள் நடமாட்டம் இருந்தது, நாங்கள் பார்க்கவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான். அந்த இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்களோ, உங்கள் குழுவின் முதல் ஆட்கள் அவர்கள்தான். வேலி போட்டு அவர்களை வெளியே தள்ளினால் பூங்கா வராது, சண்டைதான் வரும்.

இரண்டாவது முறை அந்தப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். முதலில் பிட்ச், அப்புறம்தான் மரம். "கீப்பருக்குப் பின்னாடி பத்தடி போதும்கா, ஸ்ட்ரெய்ட்லதான் இடம் வேணும்" என்று அவர்களே அளந்து கொடுத்தார்கள். மரங்கள் வடக்கு, மேற்கு ஓரங்களுக்குப் போயின. மேற்கில் மரம் வந்தால் சாயங்காலம் பிட்சில் நிழல் விழும் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். கடப்பாரையும் மண்வெட்டியும் அவர்கள் கையில் இருந்தால் வேலை எப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்கள்! எங்கள் ஒன்பது பேரால் ஒரு மாதத்தில் முடியாத குழிகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தோண்டி முடித்தார்கள்.

ஆடு வளர்க்கும் ஆயாவிடம் போகத்தான் எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. அவர் மேல் புகார் கொடுக்கலாம் என்றுகூட எங்களில் ஒருவர் சொன்னார். போய்க் கேட்டபோது அவர் எங்களை உட்கார வைத்து வேலி கட்டச் சொல்லிக் கொடுத்தார். "முள்ளோட நுனி வெளிப்பக்கம் பாக்கணும். அடியில கல்லு வை, இல்லன்னா குட்டி நுழைஞ்சிடும். ஆடு ரெண்டு கால்ல நின்னா எட்டற ஒசரத்துக்கு மேல கட்டு." வெட்டிப் போட்ட கருவேல முள்ளையே ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கூண்டாகக் கட்டினோம். இரும்புக் கூண்டுக்குச் செலவு செய்யவில்லை.

கருவேலத்தைப் பற்றி ஒன்று. மேலே வெட்டினால் போதாது, தூர் மண்ணில் இருந்தால் ஒரு மழைக்கே கொத்தாகத் துளிர்த்துவிடும். வேரோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதன் நெற்றை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும், விதை புழுக்கையோடும் சாணியோடும் விழுந்து முளைக்கும். ஒவ்வொரு மழைக்கும் புது நாற்று எங்கே வரும் என்று ஆயாவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறோம். அதற்குப் பதில் பூவரசிலும் மற்ற மரங்களிலும் கழிக்கிற கிளைகள் அத்தனையும் அவர் ஆடுகளுக்கு. இன்றுவரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

இனி காகித வேலை. இது அலுப்பான பகுதிதான், ஆனால் தவிர்க்கக் கூடாது. முதலில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் கொடுத்த லேஅவுட் வரைபடத்தின் நகலை வாங்குங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள். தமிழ்நாட்டின் இப்போதைய விதிப்படி பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளியாக விடப்பட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரப்பட வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வது இதைத்தான். பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. எங்கள் இடத்தின் ஓரத்தில் ஒருவர் ஜல்லியும் செங்கல்லும் அடுக்கி, அது தன் மனையோடு சேர்ந்தது என்றார். வரைபட நகலை விரித்துக் காட்டினோம். வாக்குவாதம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

நிலம் உள்ளாட்சியுடையது, நீங்கள் பராமரிப்பவர்கள் மட்டும்தான். ஆகவே எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் போர் போடவோ கட்டிடம் எழுப்பவோ வேண்டாம். சுற்றுச்சுவர், நடைபாதை போன்ற பெரிய செலவுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். எங்கள் நடைபாதை அப்படி வந்ததுதான். நகர்ப்புறமாக இருந்தால், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களுக்கும் போங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தமிழக நகரங்களில் அந்தக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் கேள்வி பதிவாகிறது.

என்ன மரம் என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. எங்களுடையது களிமண், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். அதனால் பள்ளமான பக்கத்தில் நீர்மருது, நாவல், புங்கன் வைத்தோம். மேடான பக்கத்தில் வேம்பு, மகிழம், சரக்கொன்றை. பூவரசைக் கன்றாக வாங்க வேண்டியதில்லை, நல்ல போத்து ஒன்றை வெட்டி மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று குல்மோகரை மட்டும் நடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த பிறகு சென்னைத் தெருக்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைச் சுவர் போலத் தெரிகிறதே என்று கோனோகார்பஸும் வைக்க வேண்டாம், அதை நடுவதற்குத் தமிழக அரசே 2025-ல் தடை போட்டுவிட்டது.

ஒரு மூலையில் பட்டாம்பூச்சிகளுக்காக எருக்கும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வையுங்கள். "எருக்கா? அதைப் போய் யாராவது வைப்பார்களா?" என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். இப்போது மழை விட்ட காலையில் அந்த எருக்கிலையைத் திருப்பினால் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு இருக்கும். இலையின் விளிம்பிலிருந்து பிறை வடிவத்தில் தின்றுகொண்டே போகும். வெந்தய வரியன் என்று சொல்கிற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி அதிலிருந்துதான் வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் ஓடி வந்து எண்ணிவிட்டுப் போகிறார்கள்.

நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர்தான் மூன்று வருஷ வேலை. வாட்ஸ்அப் குழுவில் "இன்று யார் ஊற்றுவது?" என்று கேட்டால் பதினைந்து பேர் கைகூப்புவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு நூறு பக்க நோட்டு. குழாயடி ஓரத்து வேப்பமரத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டோம். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. மேலே வீட்டு எண், போன் நம்பர், எந்த மூன்று கன்று. கீழே தேதி, கையெழுத்து. வாரம் இரண்டு முறை கன்றுக்கு ஒரு குடம், அவ்வளவுதான். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தங்கள் பக்கத்தில் எழுதிவிட்டுப் போக வேண்டும். 2019 ஐப்பசியில் நட்ட கன்றுகளுக்கு முதல் கோடை 2020, ஊரடங்கு. ஒருவருக்கொருவர் பேசவே பயந்த நாட்கள். அப்போதும் விடியற்காலையில் ஒவ்வொருவராக வந்து ஊற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்தில் முப்பத்தெட்டு நின்றது.

அந்த நோட்டு மரத்துக்கு மட்டும் உதவவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு மாடி இல்லை என்பதெல்லாம் நோட்டில் பெயர் எழுதியவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. போன் வேலை செய்யவில்லை, தேவையும் படவில்லை. கிரிக்கெட் பையன்கள் பூங்கா மூங்கில்களைக் கட்டித் தூக்குக்கட்டில் செய்து இரண்டு பாட்டிகளைத் தூக்கி வந்தார்கள். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் மூன்று நாள் சோறு வடித்தோம். அதற்கு முன் நான்கு வருஷம் ஒன்றாகத் தண்ணீர் தூக்கியிருக்காவிட்டால், அந்த மூன்று நாளில் நாங்கள் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டியிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சின்ன விஷயம் ஒன்று, விட்டுவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். மூன்றடி அகலத்தில் ஒரு குழி, இலையைப் போட்டுச் சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து ஈரம் காயாமல் வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக மக்கிவிடும். மக்காததைக் கன்றுகளைச் சுற்றி மூடாக்காகப் போடுங்கள், கோடையில் தண்ணீர் தேவை நன்றாகக் குறையும். இலையைப் பிரித்துப் போட்டுத் தரும் தூய்மைப் பணியாளர்களுக்கு அந்த எருவில் முதல் பங்கு எங்கள் வழக்கம். அதில் ஓர் அக்கா தன் வீட்டு வாசலில் போட்டு வளர்த்த வெண்டைக்காயைக் கொண்டுவந்து எங்களுக்கே கொடுத்தார்.

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகம் வந்தால், உங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை கோட்டூர்புரம் மரப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடம் அது. 2006 வாக்கில் 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் கையில் எடுத்து, நம் மண்ணின் மரங்களாகப் பார்த்து வைத்துக் காடாக்கியிருக்கிறார்கள். 2019 மழைக்கு முன் நாங்கள் பையன்களையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர்களில் ஒருவன் ஒரு மருதமரத்தைக் கட்டிப்பிடித்துக் கை எட்டுகிறதா என்று பார்த்தான்.

அவன்தான் அன்று என்னிடம் "கேட்டீங்களா?" என்று கேட்ட பையன். இப்போது வேலைக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். நோட்டு மூன்றாவது நோட்டாகிவிட்டது, அவன் அம்மாவின் பக்கம் பதினேழாவது பக்கம். சரி, நீங்கள் இந்த ஞாயிறு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யாரெல்லாம் வந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். மண் எப்படி, தண்ணீர் நிற்குமா என்றும் சொல்லுங்கள், எந்த மரம் எங்கே என்று சேர்ந்து யோசிக்கலாம். எங்கள் புங்கன் காய்த்துக் கிடக்கிறது, விதை வேண்டுமானால் எடுத்து வைக்கிறேன்.