பிரிட்டன், அமெரிக்கா மாதிரி நாட்டு மெடிக்கல் ஸ்கூல்ல மார்க் பாத்து எடுக்கறாங்கன்னா அப்புறம் இன்டர்வியூ எதுக்கு?

ரெண்டும் வேற வேற கட்டம்ங்க. இன்டர்வியூக்கு யாரை கூப்பிடறதுன்னு வடிகட்டறதுக்குத்தான் மார்க்கும் என்ட்ரன்ஸ் ஸ்கோரும் பெருசா உதவுது, சீட் யாருக்குங்கறது அதுக்கப்புறம்தான்.

பிரிட்டன்ல யூகேட்ங்கற மெடிக்கல் என்ட்ரன்ஸ் ஸ்கோரையும் ஸ்கூல் கிரேடையும் பாப்பாங்க, ஆனா ஒவ்வொரு காலேஜும் ஒவ்வொரு மாதிரி, சிலது யூகேட்டுக்கு கட்ஆஃப் வைக்கும், சிலது கிரேடுக்கு வெயிட் அதிகம் குடுக்கும். மெடிசினுக்கு மொத்தமே நாலு இடத்துக்குத்தான் அப்ளை பண்ண முடியும், அதனால தன் ஸ்கோருக்கு ஒத்து வராத காலேஜை ஆசைக்காக போட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கறவங்களை பாத்தா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். அமெரிக்கால எம்கேட்ங்கற மெடிக்கல் என்ட்ரன்ஸ் (472ல இருந்து 528 வரைக்கும் ஸ்கோர்), டிகிரி மார்க், கட்டுரை, சிபாரிசு லெட்டர், ஆஸ்பத்திரி அனுபவம் எல்லாத்தையும் சேத்து பாப்பாங்க.

இன்டர்வியூல இப்ப நிறைய இடத்துல எம்எம்ஐ (மல்டிபிள் மினி இன்டர்வியூ) முறைதான், கனடாவோட மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது. வரிசையா சின்னச் சின்ன ரூம், ஒவ்வொண்ணுலயும் சில நிமிஷம், ஒவ்வொண்ணுலயும் வேற ஆள் மார்க் போடுவாங்க, அதனால ஒரு இடத்துல சொதப்பினாலும் அடுத்ததுல புதுசா ஆரம்பிக்கலாம், இது நிஜமாவே நியாயமான முறைன்னு நினைக்கறேன். கூடப் படிக்கறவன் பரீட்சைல காப்பி அடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேப்பாங்க. மனப்பாடம் பண்ண பதில் அங்க எடுபடாது, ரெண்டு பக்கமும் யோசிக்கறீங்களான்னுதான் கவனிப்பாங்க.

முடிஞ்சதும் சில இடத்துல இன்டர்வியூ மார்க் மட்டும், சில இடத்துல பழைய ஸ்கோரும் சேரும். வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தும் சீட் கிடைக்கும், உடனே மனசை விட்டுடாதீங்க.