மவுஸ் மேலே போனால் படம் பெரிதாக வேண்டும்: ஓர் ஏலக்காய்க் கடையின் கேலரி

கேள்வி: சின்னப் படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் பெரிய படம் தெரிகிற கேலரியை, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் சிஎஸ்எஸ் ஹோவர் மட்டும் வைத்துச் செய்ய முடியுமா?

முடியும். பத்து வரிகூட ஆகாது. நான் மாட்டிக்கொண்டதெல்லாம் அந்தப் பத்து வரிக்கு அப்புறம்தான்.

எனக்குக் குமுளி. தமிழ் போர்டுக்கும் மலையாள போர்டுக்கும் நடுவே ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான் எங்கள் எல்லை. இங்கே ஒரு மசாலாக் கடைக்குத் தளம் செய்து கொடுத்தேன். ஏலக்காய் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது நிறமும் பருமனும். 8 எம்எம் காய்க்கு ஒரு விலை, 6 எம்எம் காய்க்கு வேறு விலை. "காயை உள்ளங்கையில வெச்சுப் பாக்குற மாதிரி இருக்கணும் தம்பி" என்றார் கடைக்கார அண்ணன்.

முதலில் ஹோவரில் படத்தின் அகலத்தை மாற்றினேன். ஒரு படம் பெருத்ததும் பக்கத்துப் படங்கள் எல்லாம் நகர்ந்து, சந்தையில் கூட்டம் தள்ளுகிற மாதிரி ஆகிவிட்டது. அகலத்தைத் தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேல் 3 என்று கொடுங்கள். படம் கண்ணுக்குத்தான் பெரிதாகும், பக்க அமைப்பில் அதன் இடம் மாறாது. பொசிஷன் ரிலேட்டிவ் போட்டு, ஹோவரில் இசட்-இண்டெக்ஸைக் கூட்டினால் அக்கம்பக்கத்துப் படங்களுக்கு மேலே வந்து நிற்கும். வெளியே சுற்றியுள்ள டிவ்வில் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்தால் படம் பாதியோடு வெட்டுப்படும், அதை எடுத்துவிடுங்கள். வலது ஓரத்துப் படங்களுக்கு டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின் ரைட் கொடுங்கள். இல்லையென்றால் பக்கத்துக்கு அடியில் ஒரு ஸ்க்ரோல் பட்டை முளைக்கும்.

இன்னொன்று. 200 பிக்சல் படத்தை மூன்று மடங்கு ஆக்கினால் ஏலக்காய் தெரியாது, பச்சைக் கறைதான் தெரியும். 600 பிக்சல் படத்தையே கொடுத்து 200-இல் காட்டுங்கள். படம் ஒன்று 80 கேபி என்றால் 24 படத்துக்கு 2 எம்பிக்குக் கொஞ்சம் கீழே. கீழ் வரிசைப் படங்களுக்கு லேஸி லோடிங் (ஸ்க்ரோல் செய்து அருகே வந்த பிறகே படத்தை இறக்குவது) போட்டுவிட்டால் முதல் பக்கம் இழுக்காது.

சிறியது ஒரு படம், பெரியது தனிப் படம் என்று இரண்டு வைப்பவர்களும் உண்டு. அதில் ஒரு கூத்து இருக்கிறது. பெரிய படம் மவுஸுக்கு நேர் கீழே வந்து சிறியதை மூடும். உடனே சிறிய படத்தின் ஹோவர் போய்விடும், பெரியது மறையும், மறைந்ததும் திரும்ப ஹோவர். மின்மினி மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும். பெரிய படத்துக்குப் பாயிண்டர்-ஈவென்ட்ஸ் நன் (none) கொடுத்தால் மவுஸ் அதைக் கண்டுகொள்ளாது, மினுக்கல் அடங்கிவிடும். மெதுவாகத் தோன்ற வேண்டுமென்றால் டிஸ்ப்ளே நன்னை நம்பாதீர்கள், ஒபாசிட்டியையும் விசிபிலிட்டியையும் மாற்றுங்கள். 200 மில்லிசெகண்ட் டிலேயும் வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் சும்மா குறுக்கே போனாலும் படங்கள் வரிசையாகப் பொங்கும்.

பெரிய படம் பக்கத்தில் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமா? சகோதர செலக்டர், அதாவது அலைக்கோடு (~), அதற்குத்தான். ஆனால் அது முன்னோக்கி மட்டுமே பார்க்கும், எச்டிஎம்எல்லில் சிறிய படத்துக்குப் பிறகுதான் பெரியது வர வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளி டிவ்வையே தேர்ந்தெடுக்கும் ஹேஸ் (:has) செலக்டர் வந்த பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் 2023 டிசம்பரில் வந்த 121-ஆம் பதிப்பிலிருந்து அது வேலை செய்கிறது.

எல்லாம் முடித்து, லேப்டாப்பில் காட்டி, பாராட்டும் வாங்கியாயிற்று. மறுநாள் காலையில் அண்ணனிடமிருந்து ஃபோன்: "தம்பி, படம் பெருசாகவே மாட்டேங்குது." ஃபோனில் பார்த்திருக்கிறார். விரலுக்கு ஏது ஹோவர்? சில ஃபோன்களில் ஒருமுறை தட்டினால் ஹோவர் ஒட்டிக்கொண்டு, வேறிடத்தில் தட்டும்வரை போகவும் போகாது. கடைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் கையிலும் ஃபோன்தானே! அதனால் முழு ஹோவர் விதியையும் மீடியா ஹோவர் ஹோவர், அதாவது @media (hover: hover), என்ற நிபந்தனைக்குள் போட்டேன்; ஹோவர் செய்ய முடிகிற கருவியில் மட்டும் அது வேலை செய்யும். ஒவ்வொரு படத்தையும் பெரிய படத்துக்குப் போகும் லிங்க்காகவும் ஆக்கினேன். லிங்க் ஆனதால் கீபோர்டில் டேப் அழுத்தி வருகிறவருக்கும் ஃபோகஸ்-விசிபிள் (கீபோர்டில் வந்து நிற்கும் லிங்க்கைப் பிடிக்கும் செலக்டர்) மூலம் அதே பெரிய படத்தைக் காட்ட முடிந்தது. என்னைக் கேட்டால் லிங்க்கை முதலில் செய்துவிட்டு ஹோவரைக் கடைசியில் சேருங்கள். நான் தலைகீழாகச் செய்து இரண்டு நாள் வேலையை வீணாக்கினேன்.

அப்புறம், காய் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். மூன்று மடங்கு பெரிதாக்கினால் 6 எம்எம் காயும் 8 எம்எம் மாதிரிதான் தெரியும். அதை நம்பி வாங்கிய ஒருவர் பாக்கெட்டோடு கடைக்கே திரும்பி வந்தார்.