அமீனை மாற்றும் முன் பம்ப்பைப் பாருங்கள்

வளைகுடாவில் எரிவாயு ஆலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: எரிவாயுவில் உள்ள அமில வாயுக்களை அமீன் கரைசலால் நீக்கும் எங்கள் ஸ்வீட்டனிங் யூனிட்டில், அந்தக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சுத்தமாக்கும் ரீபாய்லர் ஸ்டீமைக் குடித்துத் தீர்க்கிறது, இப்போதுள்ள எம்டிஈஏ என்ற அமீனை எடுத்துவிட்டுத் தன் புதுக் கரைசலை ஊற்றினால் கால்வாசி மிச்சம் என்கிறார் ஓர் ஏஜெண்ட், நம்பலாமா?

அந்த ஏஜெண்டுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ரீபாய்லர் சூடு மூன்று வேலை பார்க்கிறது. அமீனைக் கொதிக்கும் அளவுக்குக் கொண்டுவருவது, அது பிடித்துவைத்த ஹைட்ரஜன் சல்ஃபைடையும் கார்பன் டை ஆக்சைடையும் பிரித்தெடுப்பது, அவற்றை மேலே தள்ளிக்கொண்டு போக நீராவி உண்டாக்குவது. தேவைக்கு மேல் அமீன் சுற்றினால் முதலாவதும் மூன்றாவதும் வெட்டிச் செலவு. பல ஆலைகளில் வரும் வாயு குறைந்து வருஷக்கணக்காகியிருக்கும், பம்ப் மட்டும் திறப்பு விழா அன்று வைத்த அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் வெளியே போகும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு) தாண்டினால் ஆபரேட்டரைத்தான் கேள்வி கேட்பார்கள், வீணாகும் ஸ்டீமுக்கு யாரும் கேட்பதில்லை.

அமில வாயுவைப் பிடித்துக்கொண்டு திரும்பும் ரிச் அமீனை லேபில் சோதியுங்கள். ஒரு மோல் அமீனுக்கு 0.4 மோல் அமில வாயு வரை ஏற்றலாம், 0.2 காட்டினால் பாதி காலியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். பம்ப்பில் அமீன் சுற்றும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், அனலைசரிலிருந்து கண் எடுக்காதீர்கள். 0.45-ஐத் தாண்டினால் கார்பன் ஸ்டீல் அரிக்கும். அப்புறம் அமீன் செறிவு: 45, 50 சதவீதம் இருக்க வேண்டியது 35-க்கு இறங்கியிருந்தால் நீங்கள் சூடாக்குவது வெறும் தண்ணீரை.

ஏஜெண்ட் வித்தை இங்கேதான். புதுக் கரைசலைச் சரியான செறிவில் ஊற்றுவார்கள், கூடவே சுற்றையும் குறைப்பார்கள். ஸ்டீம் மிச்சமாகும், பெயர் புதுக் கரைசலுக்குப் போகும். அதே இரண்டையும் பழைய எம்டிஈஏ-வில் செய்திருந்தால் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் டேங்கர் கரைசலுக்கு உடனே கையெழுத்துப் போடும் அதே அலுவலகம், ஃப்ளோமீட்டரைச் சரிபார்க்கவோ அழுக்கடைந்த எக்ஸ்சேஞ்சரைக் கழுவவோ கேட்டால் அடுத்த ஷட்டவுனுக்குத் தள்ளும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் வாயு அதைக் குளிரவைத்துத் திரவமாக்கும் எல்என்ஜி ஆலைக்குப் போகிறதா? அங்கே கார்பன் டை ஆக்சைடு 50 பிபிஎம்-க்குக் கீழே வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். வெறும் எம்டிஈஏ அதைப் பிடிப்பதில் மந்தம், பைபரசின் போன்ற வேகமூட்டி கலந்தே ஆக வேண்டும். ஆனால் பைப்லைனுக்குப் போகும் வாயுவில் 2 சதவீதம் வரை விட்டுவிடலாம் என்றால் அந்த மந்தம்தான் உங்களுக்கு லாபம். பிடிக்காத வாயுவைப் பிரிக்க ஸ்டீம் எதற்கு? அங்கே பைபரசின் கலவையை விற்றால் பில் ஏறும்.

ஏஜெண்ட் திரும்ப வந்தால், உங்கள் கரைசல் கார்பன் டை ஆக்சைடை எவ்வளவு பிடிக்கும், அதே சுற்றில் ஸ்டீம் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேளுங்கள்.